மூன்று விரல்கடை

திருப்புளியைச் செங்குத்தாகக் குத்தினால்
மூன்று விரல்கடை இறங்கும்.
பிறகு டக்.
வேலியோரம் இரண்டு.
தபால்பெட்டி அருகே தாராளம், நான்கு.
அதற்குக் கீழே
அடுத்த மாவட்டம் வரைக்கும் சுண்ணாம்புக்கல்.

அகல உழுவதைவிட ஆழ உழு என்றவர்
டெக்சஸில் இந்தப் பக்கம்
வந்திருக்கமாட்டார்.

விற்பதற்கு முந்தின வாரம்
செயின்ட் அகஸ்டின் புல்லைப் பாய்போல் உருட்டி வந்து
விரித்திருந்தார்கள்.
ஏப்ரலில் பணம் கட்டினேன்.
ஜூலையில் தெரிந்தது,
பச்சைச் சட்டைக்குள் வெறும் எலும்பு.

இரவுப் பணி முடிந்து வந்து
காலணி கழற்றாமல் குழாயைத் திறப்பேன்.
ஏழு நிமிடம். மூடுவேன்.
அதற்குமேல் விட்டால் தண்ணீர்
தெருவைத் தேடிப் போய்விடுகிறது.
படியில் உட்கார்ந்து ஒரு காபி.
ஈரம் உள்ளே போகட்டும்.
மறுபடி ஏழு நிமிடம்.
எங்கள் வார்டில் எண்பத்தெட்டு வயது நரம்புக்கு
மருந்து ஏற்றுவதும் இப்படித்தான்,
அவசரப்பட்டால் கை வீங்கும்.

ஒற்றைப்படை எண் வீடுகளுக்குச் செவ்வாய் மட்டும்.
என் வீடு 417.

வெட்டும் இயந்திரத்தின் அலகை
ஆக மேல் துளைக்கு ஏற்றியாகிவிட்டது.
"நுனிப்புல் மேய்கிறவள்" என்பாள்
என் அக்கா ரோசெல்,
என் படிப்பை, திருமணத்தை, எல்லாவற்றையும் சேர்த்து.
அக்கா, இங்கே அதுதான் சரி.
மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால்
வேர் திகைத்து நின்றுவிடும்.
ஏற்கெனவே போக இடமில்லாத வேர்.

அக்டோபரில் சலித்த மக்கு எரு,
ஒரு நாணயக் கனத்துக்கு.
மக்கிச் சுருங்குவதைக் கழித்து
நான்காவது விரல்கடை எப்போது சேரும் என்று
மின்கட்டண உறையின் பின்னால் கணக்குப் போட்டேன்.
எனக்கு எழுபத்தொன்பது ஆகும்போது.
உறையைக் கிழிக்கவில்லை.
குளிர்பெட்டியில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அர்னுல்ஃபோ
புல்லை மொத்தமாகப் பிடுங்கிவிட்டுச் சரளை கொட்டி
கள்ளி வைத்துவிட்டார்.
"உன் கண்ணுக்குக் கீழே கறுப்பு,
புல்லுக்கு நுனியில் மஞ்சள்.
யார் யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள்?"
கேட்டுவிட்டுச் சிரிக்காமல் போய்விட்டார்.

போன ஆகஸ்டில் அந்தச் செவ்வாயும் போயிற்று.
ஊர்க்கிணற்றில் மட்டம் இறங்கியதால்
யாருக்கும் எந்த நாளும் இல்லை.
தரை ரொட்டியின் மேல்தோல் நிறம்,
மிதித்தால் அதே சத்தம்.
சாகவில்லை, தூங்குகிறது
என்று உறவினர்களிடம் சொல்லும் குரலிலேயே
எனக்கும் சொல்லிக்கொண்டேன்.
அந்தக் குரலை நானே நம்புவதில்லை.

கூரைத் தாரையில் அடைத்த இலையை வாரும்போது
ஏணி உச்சியிலிருந்து பார்த்தேன்.
பழுப்பில் ஐந்து பச்சை வட்டங்கள்.
ஒரே வரிசை.
கயிறு பிடித்து வைத்தது போன்ற இடைவெளி.

இறங்கி ஓடித் திருப்புளியைக் குத்தினேன்.
பிடி வரைக்கும் போயிற்று.
டக் இல்லை.
அந்த மௌனத்துக்கு என் மணிக்கட்டு பழகியிருக்கவில்லை.

"ஹில்மர் வோகஸ்," என்றார் அர்னுல்ஃபோ
வேலிக்கு அப்பாலிருந்து.
"பீச் மரம் வைக்க வெடிவைத்துக் கல்லைப் பிளந்தார்.
கல்லை அள்ளியது என் அப்பா.
ஆற்றோரத்து மண்ணை வண்டியில் கொண்டுவந்து நிரப்பியதும்
அவர்தான்."

காய்த்ததா?

"ஒரு மரம். ஒரு வருடம்.
புளிப்பு என்று அப்பா சொன்னார்."

மரங்கள் இருந்ததற்கு ஒரு குச்சிகூட இல்லை.
இரண்டு பேர் உடைத்த பள்ளம் மட்டும்
இன்னும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது,
யாருக்கென்று தெரியாமல்.

செப்டம்பரில் மழை பெய்தது.
நான்கு நாளில் எல்லாம் பச்சை,
வட்டங்கள் காணாமல் போயின.
அடையாளத்துக்குக் கல் வைக்கலாமா என்று யோசித்தேன்.
கல்லா, இந்த ஊரிலா?

வெட்டும்போது ஏதோ ஓர் இடத்தில்
இயந்திரத்தை நிறுத்திக் காலணியைக் கழற்றி
நின்று பார்க்கிறேன்.
கீழே ஆழம் இருப்பது
உள்ளங்காலுக்குத் தெரியுமா என்று.
தெரியவில்லை.

நாளை செவ்வாய்.
ஏழு நிமிடம், ஒரு காபி,
ஏழு நிமிடம்.